அப்பாவின் சைக்கிளும் ஏலகிரி மலையும்

காரில் ஏற்றிக்கொண்டு போவதற்காக அப்பாவின் சைக்கிளை முதலில் எடை போட்டுப் பார்த்தோம். காட்பாடியில் எங்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரர், விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்து விலை பேசத் தொடங்கிவிட்டார். தராசு 21 கிலோ காட்டியது. கறுப்பு நிறம், கம்பி பிரேக், முழுச் செயின் கவர், பின்னால் கனமான ஸ்டாண்டு. அதில்தான் முப்பது வருடம் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வேலூருக்கு வேலைக்குப் போய் வந்தார்.

இந்த வயதில் அவருக்கு ஓர் ஆசை. ஏலகிரி மேலே சமமான சாலை இருக்கிறதாம், அதில் தன் சைக்கிளை ஓட்ட வேண்டும். அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றேன். "அது என் சைக்கிள் ஆகாதம்மா" என்றார். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

எங்களிடம் இருப்பது வேகன் ஆர் கார். நீளம் 3.65 மீட்டர், அகலம் 1.62, உயரம் 1.67. பின்சீட்டை மடக்கினாலும் அப்பாவின் சைக்கிள் உள்ளே போகாது. சக்கரத்தைக் கழற்றலாம் என்றால், ஸ்பானர் போட்டு நட்டைத் திருகி, செயின் கவரையும் பிரித்தெடுத்து, மேலே போய் மறுபடி பூட்ட வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு அது சரிப்படாது.

அதனால் காருக்கு வெளியே சைக்கிளை மாட்டும் கேரியர்களைத் தேடினேன். கூரைமேல் ஏற்றும் கேரியர் பார்க்க அழகாக இருந்தது. பின்கண்ணாடி மறையாது, நம்பர் பிளேட் மறையாது, டிக்கியும் தாராளமாகத் திறக்கும். ஆனால் எங்கள் காரின் கூரையில் ரெயில், அதாவது இரு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் கம்பி, கிடையாது, குறுக்குக் கம்பிகளைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காரோடு தந்த கையேட்டில் பார்த்து, அதில் கம்பியின் எடை, கேரியரின் எடை இரண்டையும் கழித்தபிறகுதான் சைக்கிளுக்கு எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். சைக்கிளை நிறுத்தினால் மொத்த உயரம் 2.7 மீட்டரைத் தாண்டும். வீட்டுப் போர்ட்டிகோவின் உயரம் அதைவிடக் குறைவு. ஒருநாள் களைப்பில் மறந்து உள்ளே ஓட்டினால் சைக்கிளும் போகும், கூரையும் போகும். இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். 21 கிலோவைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்த என்னால் முடியாது, அப்பாவை அதற்கு விடவும் மாட்டேன். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

ஒரு வெல்டிங் பட்டறையில், பம்பருக்கு அடியில் இரும்புச் சட்டம் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் பின்னால் வேறொரு வண்டி மோதினால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி அமைத்த பகுதி அது. அதில் வெல்டிங் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மிச்சம் இருந்தது டிக்கிக் கதவில் பட்டைகளால் இழுத்துக் கட்டும் கேரியர். இது எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. கேரியரின் எடை முழுவதும் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கிகளில்தான் தொங்குகிறது. அந்த விளிம்பு தகடாக இருக்க வேண்டும். பல சின்னக் கார்களில் கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் வெறும் பிளாஸ்டிக், அதில் கொக்கி மாட்டினால் உடைந்துவிடும். எங்கள் காரைக் கடை வாசலுக்கே கொண்டுபோய், கதவைத் திறந்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, கொக்கியை மாட்டிக் கதவை மூடிப் பார்த்தபிறகே பணம் கொடுத்தேன். கடைக்காரர் பொறுமைசாலி.

இதிலும் இரண்டு வகை உண்டு. சைக்கிளைத் தாழ்வாகப் பிடிப்பது ஒன்று, உயரே தூக்கிப் பிடிப்பது இன்னொன்று. தாழ்வான வகையில் தூக்கி மாட்டுவது சுலபம். ஆனால் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைகின்றன. அது சட்டப்படி தவறு, இருட்டில் ஆபத்தும்கூட. சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேரே தொங்கினால் சூட்டில் டயரும் கெட்டுப்போகும். உயர வகையில் பின்கண்ணாடி மறைகிறது. நான் உயர வகையையே எடுத்தேன். பின்னால் பார்க்க எனக்குப் பக்கக் கண்ணாடிகள் இரண்டு இருக்கின்றன. பின்னால் வரும் லாரிக்காரருக்கு என் பிரேக் விளக்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

என்னுடையது பார் சாய்ந்த லேடீஸ் சைக்கிள், 14 கிலோ. கேரியரின் கைகளில் அது நேராக உட்காரவில்லை. சீட் தண்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே மாட்டுகிற தனிக் கம்பி ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கியதும் சரியாகிவிட்டது. இரண்டு சைக்கிளும் சேர்ந்து 35 கிலோ. வாங்கிய கேரியரில் 45 கிலோ வரை என்று அச்சிட்டிருந்தது. கனமானதைக் காரை ஒட்டி உள்பக்கம் மாட்ட வேண்டும். வெளியே போகப் போகக் கொக்கிக்கு இழுப்பு அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். கேரியர் மாட்டிவிட்டால் டிக்கியைத் திறக்க முடியாது என்பதால் புளிசாதம், தண்ணீர், ஜாக்கி, வீல் ஸ்பானர் எல்லாம் பின்சீட்டுக்கு வந்துவிட்டன. ஸ்டெப்னி மட்டும் டிக்கிக்குள். பஞ்சரானால் சைக்கிள்களை இறக்கித்தான் ஆக வேண்டும், அதற்கு வழியில்லை.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து படபடவென்று ஒரு சத்தம். ஓரங்கட்டினேன். பட்டையின் மிச்ச நுனி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதைவிட முக்கியமாக, கீழ்ப்பட்டை இரண்டும் தளர்ந்திருந்தன. வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிய பட்டைகள் அவை. ஓடும் அதிர்வில் கேரியரின் கால்கள் தம் இடத்தில் அமர்ந்துவிட, பட்டைக்கு இளக்கம் வந்துவிடுகிறது. புறப்பட்டு ஐந்து கிலோமீட்டரிலேயே நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். மறுபடி இறுக்கி, நுனிகளை முடிச்சுப் போட்டோம். அப்பா தன் பங்குக்குப் பழைய ட்யூப் துண்டால் முன்சக்கரத்தைச் சட்டத்தோடு கட்டினார். அதைக் கட்டாமல் விட்டால் ஹேண்டில் திரும்பித் திரும்பிக் கண்ணாடியில் இடிக்கும்.

பிறகு 80-ஐத் தாண்டவில்லை. தாண்டினால் காரே மணியடித்துச் சொல்லிவிடும். ஆம்பூரில் பிரியாணிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. வாணியம்பாடியில் டீ. அங்கிருந்து திருப்பத்தூர் சாலையில் பொன்னேரி, மலையடிவாரம். இப்போது இது திருப்பத்தூர் மாவட்டம். அப்பாவுக்கு எல்லாமே வட ஆற்காடுதான்.

ஏறும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரில். இரண்டாம் கியரில் மெதுவாக ஏறினேன். அப்பாவின் சைக்கிள் 1.85 மீட்டர் நீளம், காரின் இருபுறமும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பாறையிலிருந்து கொஞ்சம் தள்ளியே வளைத்தேன். எதிரே பஸ் வந்தபோது நின்று வழிவிட்டேன். கபிலர் வளைவு வந்தபோது அப்பா, "பாரி எங்கே?" என்றார். மேலே இருந்தார், முல்லைக்குத் தேர் கொடுத்தவர்.

அத்தனாவூரில் ஒரு மரத்தடியில் நிறுத்தி இறக்கினோம். கார்க் கதவில் கீறல் இல்லை. பெடல் படும் இடத்தில் அப்பா வேட்டித் துணி சுற்றியிருந்தார். டயரில் காற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இடது பெடலில் ஒரு காலை வைத்து, மறு காலால் நான்கு தடவை தரையை உந்தி, காலைச் சுழற்றிப் போட்டு ஏறினார். அந்தப் பழைய ஏற்றம். புங்கனூர் ஏரிப் பக்கம் இறங்கும் சாலையில் மணியை விடாமல் அடித்துக்கொண்டே போனார். சாலையில் யாரும் இல்லை. நான் காரைப் பூட்டி, என் சைக்கிளில் ஏறி, அந்த மணிச் சத்தத்தைப் பிடிக்க வேகமாக மிதித்தேன்.