எங்கள் தெரு வாறுகால் எஸ்டிமேட் மாறிய கதை

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வாறுகால், அதாவது மழைநீர் வடிகால், சாங்ஷன் ஆனபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர்கள் நாங்கள், கட்டினால் போதும் என்றிருந்தோம். ரிட்டையர் ஆன ஓவர்சியர் மாமா ஒருவர் மட்டும், "மொதல்ல எஸ்டிமேட் காப்பிய வாங்கு, லெவல் என்ன போட்டிருக்காங்கன்னு பாப்போம்" என்றார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "வாறுகால் விவரம் வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் ஒரு வரிப் பதில்தான் வரும். மதிப்பீடு (எஸ்டிமேட்), வாறுகாலின் நீளவாக்கில் மட்டங்களைக் காட்டும் நீளவெட்டுப் படம், தண்ணீர் போய் விழும் இடத்தின் மட்டம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வந்த காப்பியில் இருந்தது இவ்வளவுதான்: 60-க்கு 60 செ.மீ. கான்கிரீட் வாறுகால், 300-க்கு 1 சரிவு (300 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் இறக்கம்), ரோட்டைக் கடக்க 450 மி.மீ. ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) ஒன்று, கடைசியில் பாளையங்கால்வாய். எவ்வளவு மழைக்கு என்ற கணக்கே இல்லை.

மாமா அதை ஒரு பழைய டைரியில் போட்டார். எங்கள் பக்கம் தண்ணீர் வடியும் பரப்பு ஏழரை ஏக்கர், அதாவது 3 ஹெக்டேர். வீடும் சிமெண்ட் தரையுமாக இருப்பதால் பெய்வதில் 80 சதவீதம், அதாவது 0.8 பங்கு, ஓடிவரும். மணிக்கு 60 மி.மீ. மழை என்று வைத்தால், மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுக்க, நொடிக்கு 0.4 கன மீட்டர். 400 லிட்டர்! மேலே 15 செ.மீ. காலியாக விட்டால் அந்த வாறுகால் கொண்டுபோவது சுமார் 330 லிட்டர். பைப்தான் மோசம். அதற்குச் சரிவு 500-க்கு 1 என்று வைத்தால் 130 லிட்டரைத் தாண்டாது.

இதைவிடப் பெரிய சிக்கல் கால்வாயில் இருந்தது. பழவூர் அணைக்கட்டிலிருந்து வருகிற பாசனக் கால்வாய் அது. பிசான (மழைக்கால நெல்) சாகுபடிக்குத் தண்ணீர் ஓடுவதும் நமக்கு அடைமழை பெய்வதும் ஒரே ஐப்பசி, கார்த்திகையில். கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு தண்ணீர் நிரப்பிய ட்யூபை வைத்து லெவல் பிடித்தோம். கால்வாய்ச் சுவரில் வண்டல் படிந்து பழுப்பாக ஒரு கோடு இருந்தது, நிறைய ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டம். ட்யூபின் ஒரு முனையை அங்கே வைத்து மறுமுனையைத் தெருவில் தூக்கிப் பார்த்தால், வாறுகாலின் அடிமட்டம் கோட்டுக்கு ஒன்றேகால் அடி கீழே வருகிறது. கால்வாய்த் தண்ணீர் தெருவுக்குள் ஏறும். இதற்கு அகலத்தைக் கூட்டி என்ன பிரயோஜனம்?

ஆபீஸில் முதலில், "எல்லாத் தெருவுக்கும் இதே டிசைன்தான் சார்" என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கணக்கையும் லெவலையும் ஒரே தாளில் இணைத்துக் கொடுத்த பிறகுதான் ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியோடு தெருவுக்கு வந்தார். பாசனக் கால்வாயில் மழைநீரை விட நீர்வளத்துறையின் அனுமதி வேண்டுமே என்று மனுவில் கேட்டிருந்தோம். எங்கள் வாதத்தைவிட அந்த வரிதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

அப்புறம் பாதை மாறியது. குறுக்குத் தெரு வழியாக ஓடைக்கு. தூரம் கூடியதால் சரிவு 500-க்கு 1 ஆனது, அதை ஈடுகட்ட அளவு 75-க்கு 75 செ.மீ. இப்போது 500 லிட்டர் வரை போகும். ரோட்டுக்கு அடியில் 600 மி.மீ. பைப் இரண்டு, அதுவும் கனமான என்.பி.3 ரகம். லேசான என்.பி.2 பைப்பை லாரி போகும் ரோட்டில் புதைக்கக் கூடாது. செலவு ஏறியதால் அடுத்த நிதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது, தெருவில் சிலர் எங்களைத் திட்டவும் செய்தார்கள்.

வேலை நடந்தபோது ஸ்லாப் மூடுவதற்கு முன் வாறுகாலின் அடிமட்டத்தை (பெட் லெவல்) மறுபடி பிடித்தோம். நடுவில் ஓரிடம் இரண்டு அங்குலம் தூக்கியிருந்தது. கான்ட்ராக்டர் முனகிக்கொண்டே செதுக்கிக் கொடுத்தார். தூர் வார, நகர்த்தக்கூடிய ஸ்லாப் இடையிடையே கேட்டு வாங்கினோம். புரட்டாசிக்குள் அவற்றைத் தூக்கி மண் அள்ள வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவறைக் குழாயை வாறுகாலில் சேர்த்துவிட்ட ஒரு வீட்டோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.