கிழிந்த தாளின் கீழ்ப்பாதியைத் தேடி

பழைய கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடத்தில் பயன்படாத எழுத்துத் தாள்களைப் போட்டுவைத்த அறையான கெய்ரோ கெனீசாவைச் சேர்ந்த வாரிசுரிமைக் கடிதம் ஒன்றை முழுமையாகப் படிக்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அவற்றில் மூன்று மாதங்கள் வீண். முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவை மிஞ்சியிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தேடியது, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத் நகரில், யூதச் சட்ட அறிஞரான மோஷே பென் மைமோன் என்னும் மைமோனிடிஸிடம் வந்த ஒரு கேள்வியை. கணவனை இழந்த பெண், கெத்துபா என்னும் திருமணப் பத்திரத்தில் எழுதியிருந்த தொகையைக் கேட்கிறார். இறந்தவரின் மூத்த மனைவிக்குப் பிறந்த மகன்களோ சொத்தைப் பிரிப்பதில் முனைப்பாக இருக்கிறார்கள். கேள்வி வந்த தாளின் அடியிலேயே மைமோனிடிஸ் பதில் எழுதித் திருப்பியனுப்பிய கடிதங்கள் பல உண்டு. ஆகவே ஒரு தாளைப் பார்த்தால் வழக்கு முழுவதும் தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

முதல் தவறு என்னுடையது. எழுத்து எபிரேயமாக இருந்ததால் எபிரேய அகராதியோடு இரண்டு வாரம் போராடினேன். ஒரு வரிகூட விளங்கவில்லை. நம்மூரில் அரபுத்தமிழ் ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அரபு அகராதியைப் புரட்டுவது போன்ற வேலை அது, ஏனெனில் அந்தக் கடிதத்தின் மொழி எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. அரபு தெரிந்த ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளாமல் தொடங்க வேண்டாம்.

அடுத்தது பயணம். அச்சுப் பதிப்பின் அடிக்குறிப்பிலிருந்த, அந்தத் தாளுக்கான நூலக எண்ணைக் குறித்துக்கொண்டு, நான்கு மணி நேரம் ரயிலில் சென்று அது இருந்த நூலகத்தின் படிப்பறையில் அமர்ந்தேன். அது பழைய எண் என்றும், தொகுப்பை மறுபடி வரிசைப்படுத்தியபோது மாறிவிட்டது என்றும் மேசையில் இருந்தவர் சொன்னார். புதிய எண்ணைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, படம் எடுக்கப்பட்ட தாள்களின் மூலத்தைப் பொதுவாக வெளியே தருவதில்லை என்றார். இந்த விதியை என் மின்னஞ்சலுக்கான பதிலில் ஒரு வரியாகச் சேர்த்திருந்தால் ஒரு நாளும் பயணச் செலவும் மிஞ்சியிருக்கும் என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை. செல்லும் முன், இன்றைய எண் எது, மூலத்தைத் தருவார்களா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்த கணினியில் படத்தைத் திறந்தபோது இன்னொரு அடி. கேள்வி முழுவதும் இருந்தது. ‘எங்கள் தலைவர் எங்களுக்கு அறிவுறுத்துவாராக’ என்று முடியும் இடத்தில் தாள் கோணலாகக் கிழிந்திருந்தது. 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கெனீசாவின் பெருந்தொகுப்பைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசெல்லும் முன்பே, வியாபாரிகள் கைமாறிப் பல தாள்கள் உலகெங்கும் சிதறியிருந்தன. ஒரே கடிதத்தின் இரண்டு பாதிகள் இரு நாடுகளில் இருப்பது இத்துறையில் புதிதல்ல. நான்தான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

பல நூலகங்களின் கெனீசாத் தாள்களை ஒரே இடத்தில் தேட உதவும் ஃப்ரீட்பெர்க் கெனீசா இணையதளத்தில் பொருந்தும் துண்டுகளைத் தேடியபோது கீழ்ப்பாதி வேறொரு நாட்டில் இருப்பது தெரிந்தது. படத்துக்கு விண்ணப்பித்தேன், வந்தது. ஆனால் முன்பக்கம் மட்டுமே வந்ததால் மீண்டும் எழுதி ஆறு வாரம் காத்திருக்க நேர்ந்தது. இரு பக்கங்களையும் கேட்கத் தவறாதீர்கள். கடிதம் யாருக்கு என்ற குறிப்பு பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

ஆண்டுக் கணக்கிலும் ஓர் எச்சரிக்கை. கெனீசாப் பத்திரங்களில் 1500 என்றிருந்தால் அது, கி.மு. 312இல் தொடங்கும் பழைய கணக்கான செலூக்கிய ஆண்டு. நம் கணக்கில் 1188-89.

இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்து நகர்த்தினேன். கிழிசல் ஒன்றோடொன்று பொருந்தியது. மேலே பாதியாக நின்ற ஓர் எழுத்தின் வால் கீழே தொடர்ந்தது. அதன் அடியில், அவசரமான கையெழுத்தில், ‘அல்ஜவாப்’, அதாவது பதில். அனாதைப் பிள்ளைகளின் சொத்திலிருந்து வசூலிப்பதால் அந்தப் பெண் முதலில் சத்தியம் செய்ய வேண்டும். செய்தபின் கெத்துபாத் தொகை அவருக்கு, எஞ்சியதுதான் வாரிசுகளுக்கு. மூன்றே வரிகள். அவற்றின் கீழே ‘வகதப மோஷே’, மோஷே எழுதினார்.