பெயர் ஒன்று, எஞ்சின் வேறு

எங்கள் கிளப்பிலிருந்து அன்று பதினோரு கார்கள் கிளம்பின. எல்லாம் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். விமானக் கண்காட்சிக்குப் போக எங்களுக்குத் தனி உரிமை உண்டு என்று ஒரு நினைப்பு. 1936இல் முதன்முதலில் பறந்த போர் விமானத்தின் பெயரைத்தானே 1962இல் இந்தக் காருக்கு வைத்தார்கள்!

நுழைவாயிலில் வரிசை நகரவே இல்லை. என் வண்டி கொதித்துவிட்டது. பானட்டைத் திறந்தேன். இந்தக் காரில் பானட் என்றால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த முன்பக்கமும் அப்படியே முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நானும் உட்கார்ந்தேன், சூடு ஆறும் வரை. சுற்றிலும் கூட்டம். விமானங்களுக்கு முன் நான்தான் காட்சிப்பொருள்.

ஜெட்கள் காதைக் கிழித்தன, அவ்வளவுதான். பிறகு அந்த ஸ்பிட்ஃபயர் விமானம் வந்தது. 12 சிலிண்டர் மெர்லின் எஞ்சின், 27 லிட்டர். ஒரு சிலிண்டரே 2.25 லிட்டர், என் காரின் நான்கும் சேர்ந்தே 1.5தான். தாழப் பறந்து திரும்பியபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

"உங்க வண்டியும் இப்படித்தான் உறுமுது, சைலன்சரைப் பாருங்க" என்றார் பக்கத்தில் நின்ற நண்பர்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஓட்டைதான்.