மருந்தை வெளியே தள்ளும் பம்பைத் தேடியபோது நான் செய்த இரண்டு பிழைகள்

ஆய்வு மாணவியாக எனக்கு முதன்முதலில் முழுப் பொறுப்புடன் தரப்பட்ட வேலை, உணவு மாதிரிகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவின் இரண்டு வளர்ப்புகள் நாலிடிக்சிக் அமிலம் என்ற மருந்துக்கு ஏன் கட்டுப்படவில்லை என்று கண்டறிவது. இந்த மருந்து, பாக்டீரியா தன் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கத் தேவைப்படும் கைரேஸ் என்ற நொதியைத் தாக்குகிறது. ஆகவே எதிர்ப்புக்கு இரண்டு முக்கியக் காரணங்களை எதிர்பார்க்கலாம்: நொதி உருமாறி மருந்துக்குப் பிடிகொடுக்காமல் போயிருக்கலாம், அல்லது உள்ளே வரும் மருந்தைப் பாக்டீரியா உடனுக்குடன் வெளியே இறைத்துக்கொண்டிருக்கலாம்.

இந்த இரண்டாவது வழி இருப்பதை 1980இல் ஸ்டூவர்ட் லெவி என்ற ஆய்வாளரின் குழு ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில், டெட்ராசைக்ளின் என்ற மருந்தை வைத்துக் காட்டியது. சால்மொனெல்லாவில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது மூன்று புரதங்கள் சேர்ந்த ஒரு பம்பு. உள்சவ்வில் இருக்கும் ஏக்ர்-பி மருந்தைப் பிடிக்கிறது. ஏக்ர்-ஏ இணைப்பாக நிற்கிறது. டோல்-சி வெளிச்சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும் குழாய். ஏக்ர்-பி-யின் மூன்று அலகுகளும் மாறி மாறி மருந்தை வாங்கி, இறுக்கி, வெளியே தள்ளுகின்றன; அதற்கான ஆற்றல், சவ்வின் வழியே உள்ளே பாயும் புரோட்டான்களிலிருந்து வருகிறது. குடலில் பித்தநீரைச் சமாளிப்பதற்கும் இதே பம்புதான் அந்த உயிரிக்கு உதவுகிறது என்பதால், மருந்துகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல் சோதனை எளிமையானது. 96 குழிகள் கொண்ட தட்டில் முல்லர் ஹின்டன் பிராத் என்ற வளர்ப்புத் திரவத்தை ஊற்றி, மருந்தின் செறிவைக் குழிக்குக் குழி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் ஒரே அளவு பாக்டீரியாவைச் சேர்த்து, ஓர் இரவு இன்குபேட்டரில் வைக்க வேண்டும். மறுநாள் காலையில் தட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், வளர்ச்சி உள்ள குழிகளின் அடியில் வெண்மையான சிறு பொட்டு தெரியும். பொட்டே இல்லாத குழிகளில் எதில் மருந்து மிகக் குறைவோ, அந்தச் செறிவுதான் எம்.ஐ.சி. முதல் வளர்ப்புக்கு அது மில்லிலிட்டருக்கு 32 மைக்ரோகிராம், இரண்டாவதற்கு 512. பம்பைத் தடுக்கும் பி.ஏ.பீட்டா.என். என்ற பொருளைச் சேர்த்து மறுபடி செய்தபோது அவை முறையே 4 ஆகவும் 64 ஆகவும் இறங்கின. நான்கு மடங்கு இறங்கினாலே பம்பு என்று கொள்வது வழக்கம். எனக்கோ எட்டு மடங்கு. இரண்டிலும் எதிர்ப்புக்குக் காரணம் பம்புதான் என்று அன்று மாலையே எழுதி வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் அதைப் படித்துவிட்டு, "இதே தடுப்பானோடு வான்கோமைசினைப் போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். வான்கோமைசினும் பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு மருந்துதான், ஆனால் அதன் மூலக்கூறு மிகப் பெரியது. சால்மொனெல்லாவின் வெளிச்சவ்வு முழுமையாக இருக்கும்வரை அது உள்ளே நுழைய முடியாது, ஆகவே அதைத் தடுத்து நிறுத்துவது பம்பு அல்ல, சவ்வு. தடுப்பான் இருந்த குழிகளில் வான்கோமைசினும் வளர்ச்சியை நிறுத்தத் தொடங்கியதைக் கண்டபோதுதான், நான் சேர்த்த பொருள் பம்பை அடைத்ததோடு சவ்வையும் ஓட்டையாக்கியிருக்கிறது என்பது புரிந்தது. வெளிச்சவ்வின் மூலக்கூறுகளைப் பிணைத்து வைத்திருப்பது மக்னீசியம் என்பதால், 1 மில்லிமோலார் மக்னீசியம் சல்பேட்டைச் சேர்த்து எல்லாத் தட்டுகளையும் மறுபடி வைத்தேன். வான்கோமைசின் பலனளிக்கவில்லை, நாலிடிக்சிக் அமில எண்கள் 8, 128 என்று நின்றன. எட்டு மடங்கு நான்கு மடங்காகியது.

இதைவிடப் பெரிய பிழை இன்னும் மிச்சமிருந்தது. மருந்துக்கு எளிதில் கட்டுப்படும் சாதாரண சால்மொனெல்லா ஒன்றைத் தடுப்பானோடு நான் சோதிக்கவே இல்லை. சோதித்தபோது அதன் எம்.ஐ.சி.யும் 4லிருந்து 1க்கு, அதே நான்கு மடங்கு, இறங்கியது. பம்பு எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தடுத்தால் எல்லாமே பலவீனமாகும். என் வளர்ப்புகளில் அது வழக்கத்தைவிட அதிகமாக ஓடுகிறதா என்ற கேள்விக்கு அந்தத் தட்டு பதில் சொல்லவே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் இதே முறையில் எடுத்த முடிவை நானே ஒருமுறை மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

பம்பின் வேகத்தை நேரடியாகப் பார்க்க எத்திடியம் புரோமைடு என்ற சாயம் உதவியது. அது டி.என்.ஏ.வோடு ஒட்டும்போதுதான் பிரகாசமாக ஒளிரும். செல்லைவிட்டு வெளியேறினால் மங்கிவிடும். டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தக்கூடிய பொருள் என்பதால் கையுறையில்லாமல் தொடக் கூடாது. புரோட்டான் ஓட்டத்தைக் கலைக்கும் சி.சி.சி.பி.யைச் சேர்த்துப் பம்பை நிறுத்தி, செல்களைச் சாயத்தால் நிரப்பி, பிறகு கழுவி, பம்புக்கு ஆற்றல் கிடைக்காதபடி குளுக்கோஸ் இல்லாத கரைசலில், ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரோமீட்டருக்குள் வைத்தேன். திரையில் ஒளிர்வைக் காட்டும் கோடு ஏறக்குறைய மட்டமாகவே சென்றது. குளுக்கோஸைச் சொட்டியதும் முதல் வளர்ப்பின் கோடு சரிவில் உருள்வதுபோல இறங்கியது. சாதாரண வளர்ப்பின் கோடு மெல்ல இறங்க, இரண்டாவது வளர்ப்பும் ஏறத்தாழ அதே சாய்வில்தான் இறங்கியது. டோல்-சி மரபணு நீக்கப்பட்ட வளர்ப்பில் கோடு அசையவே இல்லை. பல வாரங்களாக எண்களாக மட்டும் இருந்த ஒன்றை அந்தச் சில நிமிடங்களில் கண்ணால் பார்த்தேன்.

எஞ்சியது மரபணு வேலை. முதல் வளர்ப்பில் ஏக்ர்-பி மரபணுவின் வெளிப்பாடு சாதாரண வளர்ப்பைவிட அதிகமாக இருந்தது. பம்பு உற்பத்தியைத் தூண்டும் ராம்-ஏ-வை அடக்கி வைக்கும் ராம்-ஆர் மரபணுவில் ஒரு பிறழ்வும் கிடைத்தது. இரண்டாவதில் கைரேஸின் 83ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஃபினைல்அலனின் என்ற வேறொன்று இருந்தது. தடுப்பானோடு அதன் எம்.ஐ.சி. 128க்கு இறங்கியும், எதிர்ப்பு எனக் கொள்ளப்படும் 32ஐவிட வெகுவாக மேலேயே நின்றதற்கான காரணம் அதுதான்.

அறிக்கையைத் திருத்தி எழுதியபோது முதல் வளர்ப்புக்கு எதிரே பம்பு என்றும், இரண்டாவதற்கு எதிரே கைரேஸ் பிறழ்வு என்றும் குறித்துவிட்டு, சாதாரண வளர்ப்பின் எண்களை அட்டவணையின் முதல் வரியாகச் சேர்த்தேன். முந்தைய அறிக்கையில் அந்த வரியே இல்லை.