அவர் தன்னை மன்னித்துக்கொண்டால் எனக்கு என்ன?

கவுன்சிலிங் போய்விட்டு வந்த என் கணவர், "என்னை நானே மன்னிக்கிறதைப் பத்திப் பேசினோம்" என்றபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. துரோகம் செய்தது அவர், நொறுங்கிப்போனது நான், இதில் அவரை அவரே மன்னித்துக்கொள்ள யார் உரிமை கொடுத்தது? மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு பாவத்தைக் கழுவி அனுப்புகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, ஏன் என்பதை என் நிலைமையில் இருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

விஷயம் வெளியே வந்த பிறகு பல மாதம் அவர் செய்ததெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டதுதான். "நம்ம வீட்டுக்கு அவளைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று நான் கேட்பேன். உடனே தலையில் அடித்துக்கொண்டு, "நான் மனுஷனே இல்ல, என்னை விட்டுட்டுப் போயிடு" என்று அழுவார். அப்புறம் நான்தான் தண்ணீர் கொடுத்து, பிள்ளைகள் காதில் விழாமல் கதவைச் சாத்தி, அவரைத் தேற்றவேண்டியிருக்கும். கேட்ட கேள்வி கேட்டபடியே கிடக்கும். வெட்கம் என்பது இப்படித்தான் வேலை செய்கிறதாம். "செய்தது தப்பு" என்கிற எண்ணம் இருந்தால் அதைச் சரிசெய்யத் தோன்றும், "நானே கேடுகெட்டவன்" என்று ஆகிவிட்டால் ஓடி ஒளியத்தான் தோன்றும் என்று ஜூன் டாங்னி போன்ற உளவியலாளர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் சமையலறையில் நான் பார்த்ததும் அதைத்தான்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசக் காவடியும் ஈஸ்டர் சமயத்துத் தீமிதியும் எவ்வளவு பெரிது என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அவரும் அலகு குத்திக் காவடி எடுக்கிறேன், தீ மிதிக்கிறேன் என்று கிளம்பினார். "அதில் உங்கள் மனைவிக்கு என்ன கிடைக்கும்?" என்று கவுன்சிலர் கேட்டிருக்கிறார். எனக்கு சாமி மேல் பக்தி உண்டு, ஆனாலும் அது சரியான கேள்வி. வேண்டுதல் சாமிக்கு, ஆனால் அவர் கடன்பட்டிருப்பது எனக்கு.

தன்னை மன்னிப்பது என்றால் "சரி, நடந்தது நடந்துபோச்சு" என்பதல்ல என்று பிறகுதான் தெரிந்தது. கார்னிஷ், வேட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2015இல் எழுதிய கவுன்சிலிங் முறையில் வரிசையே இப்படி: முதலில் பொறுப்பேற்பது, பிறகு வருந்துவது, பிறகு கெடுத்ததைச் சீர்செய்வது, கடைசியில்தான் தன்னை ஏற்றுக்கொண்டு வாழத் தொடங்குவது. முதல் மூன்றையும் தாண்டிக் குதித்து நான்காவதுக்குப் போனால் அது வெறும் சாக்கு. இந்த நாட்டில் நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரிக்க 1995 சட்டப்படி உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வந்தபோதுகூட, பொதுமன்னிப்பு கேட்டு 7,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தும், பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. செய்ததை முழுக்கச் சொல்லவேண்டும் என்பது அங்கே கட்டாய நிபந்தனை, வருத்தம் தெரிவிப்பது நிபந்தனையே இல்லை. அந்தக் கொடுமைகளோடு என் வீட்டுக் கதையை ஒப்பிடவில்லை. ஆனால் அழுகையைவிட முழு உண்மை ஏன் முதலில் வேண்டும் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

ஒருநாள் லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு நேரம், சார்ஜ் லைட்டை மேஜையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டேன். "ஆமா, ஒரு தடவை. நீ அம்மா ஆபரேஷனுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ" என்றார். அழவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. எனக்குக் கைகால் நடுங்கியது, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டார். இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி பரிசோதனை எடுக்கவேண்டும் என்று முன்பெல்லாம் நான் வாயைத் திறந்தாலே இடிந்துபோகிறவர், அந்த வாரமே கிளினிக்கில் நேரம் வாங்கினார். தொற்று புதிதாக இருந்தால் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கவும் அவரே தேதி குறித்து வைத்தார். தன்னை வெறுப்பதிலேயே மூழ்கிக் கிடந்த மனிதரால் இதில் ஒன்றையும் செய்ய முடிந்திருக்காது. அதனால்தான் அவருடைய அந்த மன்னிப்பு எனக்கும் தேவைப்பட்டது என்கிறேன்.

ஆனால் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு. அவர் தேறி வருவதைப் பார்த்த அம்மா, "மாப்பிள்ளையே மனசு மாறிட்டார், நீ ஏண்டி இன்னும் பிடிச்சுத் தொங்குறே?" என்று போனில் ஆரம்பித்துவிட்டாள். போனை வாங்கி, "அவளை அவசரப்படுத்தாதீங்க அத்தை" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் முதல்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து கவுன்சிலரிடம் போகிறோம். கேட்கவேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். முதல் கேள்வி பணத்தைப் பற்றியது.