ஈரத்துணியால் அழித்த கணக்கு

எங்கள் சமயபாட சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி, இந்த மலருக்குக் கட்டுரை கேட்ட அதே கிழமையில் வந்து சேர்ந்தது. அவரிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மத்தேயு 18தான்.

அதில் இயேசு சொல்லும் உவமையில், அரசன் ஒருவன் தன் ஊழியக்காரனின் பெருங்கடனை மன்னித்துவிடுகிறான்; அந்த ஊழியக்காரனோ தனக்குச் சிறிது கடன்பட்ட உடன் ஊழியக்காரனை மன்னிக்காமல் சிறையில் போடுவிக்கிறான். அந்த அதிகாரத்தை அவர் கணக்காகவே படிப்பித்தார். கரும்பலகையின் இடப்பக்கம் அரசன் மன்னித்த பதினாயிரம் தாலந்து, வலப்பக்கம் ஊழியக்காரன் மன்னிக்காத நூறு வெள்ளிப்பணம். வெள்ளிப்பணம் ஒன்று கூலியாளின் ஒரு நாட்சம்பளம். இயேசுவின் திராட்சத்தோட்ட உவமையில் கூலியாட்களைப் பேசி அமர்த்துவதும் அதே தொகைக்குத்தான். தாலந்து ஒன்று ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். பெருக்கினால் ஆறு கோடி நாட்கூலி. கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து, அவற்றை இயேசுவின் காலத்தில் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்குக் கொடுத்த ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் அந்த ஊழியக்காரன் பட்ட கடன் இரண்டு நாடுகளின் 50 வருட வரி.

இந்த இடத்தில் பல பிரசங்கிமார் வலப்பக்கத் தொகையை அற்பம் என்று தள்ளிவிடுவார்கள். சேர் விடமாட்டார். நூறு வெள்ளிப்பணம் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. அதை இழந்தவன் வீட்டில் அடுப்பு எரியாது. "உனக்குச் செய்த தீமை சின்னது எண்டு இயேசு சொல்லேல்லையடா" என்பார். "பரவாயில்லை" என்பது கணக்குப் பார்க்காமல் கொப்பியை மூடுவது. மூடின கொப்பி பிறகொரு நாள் திறபடும். இழந்த முழுத்தொகையையும் எழுதி, பார்த்து, அதற்குப் பிறகுதான் அழிக்கவேண்டும்.

அழிப்பதையும் செய்தே காட்டினார். கொலோசெயர் 2:14 சொல்லும் "கையெழுத்து", கடனாளி தன் கைப்பட எழுதிக்கொடுக்கும் கடன்சீட்டு. அக்காலத்து மை புகைக்கரியும் பிசினும் சேர்ந்தது; தாளுக்குள் ஆழ இறங்காது, ஈரமான கடற்பஞ்சால் துடைத்தால் போய்விடும். எங்கள் வேதாகமத்தில் "குலைத்து" என்று இருக்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் துடைத்தழித்தல் என்றே பொருள். முதலில் டஸ்டரால் அழித்தார். இலக்கங்கள் மங்கலாக நிழலாடின. கடைசி வாங்கிலிருந்தும் வாசிக்கலாம். பிறகு வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து மேலிருந்து கீழாக இழுத்தார். வெண்கட்டித் தூள் கரைந்து ஓட, பலகை கறுத்து மின்னியது.

மன்னிப்பு வேறு, ஒப்புரவு, அதாவது முறிந்த உறவு மறுபடி சேருவது, வேறு என்பதையும் பிரித்துக் காட்டினார். கடனை ஒருவர் தனியாகவே தள்ளிவிடலாம். ஒப்புரவுக்கு இருவர் வேண்டும். லூக்கா 17:3 இல் கடிந்துகொள்ளுதலும் இருக்கிறது, மனஸ்தாபமும், அதாவது செய்ததற்கு மனம் வருந்துதலும், இருக்கிறது. மன்னிப்பையும் ஒப்புரவையும் குழப்புகிறவர்கள்தான் அடிவாங்கினவரை அடிக்கிற கைக்குக் கீழேயே திருப்பி அனுப்புகிறார்கள். குற்றம் செய்தவனிடம் போய் அதை உணர்த்துவதுதான் ஒப்புரவின் முதற்படி; அதுவும் மத்தேயு 18:15 சொல்வதுபோல், "நீயும் அவனும் தனித்திருக்கையில்". மூன்றாவது காது வந்துவிட்டால் உணர்த்துதல் அவமானப்படுத்தலாக மாறிவிடும். அவன் கேளாவிட்டால்தான் ஒன்றிரண்டு பேர், அதற்கும் பிறகே சபை.

அவர்மேல் போன பெட்டிசம் உங்களுக்கும் நினைவிருக்கும். பெயர் போடாமல் எழுதின முறைப்பாட்டுக் கடிதம். அதிபரின் அறைக்கு வெளியே இடைவேளை முழுவதும் அவர் நின்றதை எல்லா வகுப்பும் பார்த்தது. வருடக்கணக்காக எங்கள் கொப்பிகளைத் திருத்தியவருக்கு அந்தக் கையெழுத்துத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒருவரையும் பிறர் முன்னால் கேட்கவில்லை. ஒருவருக்கும் புள்ளி குறையவில்லை. அந்தத் தவணை முடியும்வரை, கடைசிப் பாடவேளைக்குப் பிறகு கதவைத் திறந்து வைத்தபடி மேசையில் தனியே இருப்பார். முதற்படிக்கு அவர் இடம் விட்டுவைத்திருந்தார் என்பது இவ்வளவு காலம் கழித்துத்தான் விளங்குகிறது.

பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. நாங்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினோம். மண்டபத்துக் கூரைக்கும் நூலகத்துக்கும் ஆண்டுதோறும் காணிக்கை அனுப்பினோம். அந்தத் திறந்த கதவுக்குள் மட்டும் எங்கள் வகுப்பில் ஒருவரும் போகவில்லை.