ஈரப்பதம் 17

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுகிறேன் என்றால் ஊரில் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. டிஸ்கஷன் முடித்துத் திரும்பிவிடலாம். எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளம் இல்லை. அடுத்த அட்வான்ஸ், மேட்டூர் திறப்பு மாதிரி. ஜூன் 12 என்று பேர்தான், அணையில் தண்ணீர் இருந்தால் உண்டு.

இப்போது எழுத வரும் பிள்ளைகளோடுதான் பாதிப் பொழுது போகிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழிப் பக்கத்துப் பிள்ளைகள். வயலில் வளர்ந்தவர்கள், எழுதுவதோ சினிமாவில் பார்த்த கிராமத்தை. ஆலமரம், பஞ்சாயத்து, முறுக்கு மீசை.

குறுவை அறுவடை சமயத்தில் ஒரு தம்பி ஒரு காட்சி கொண்டுவந்தான். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்துக் கிடக்கும் விவசாயி ஒரு பக்கம் முழுக்க வசனம் பேசுகிறார். ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம். அவ்வளவு நேரம் ஒருத்தர் புலம்பினால் தியேட்டரில் செல்போன் வெளிச்சம்தான் தெரியும்.

"அங்க என்னடா நடக்கும், அதைச் சொல்லு" என்றேன்.

"ஈரப்பதம் பாக்குற மிஷின்ல நெல்லைப் போடுவாங்கண்ணே. 17 சதவீதத்துக்கு மேல காட்டுனா எடுக்க மாட்டாங்க. தூறல் போட்டா தார்ப்பாய்க்கு ஓடணும், வெயில் வந்தா பரப்பிக் காலால கிளறணும்."

"அப்புறம்?"

"அப்பா நெல்லைக் கடிச்சே சொல்லிருவாரு."

மறுபடி எழுதிவந்ததில் வசனமே ஒரு வார்த்தைதான். விவசாயி நெல்லைக் கடித்துப் பார்த்து "காஞ்சிருச்சு" என்கிறார். மிஷின் 20 காட்டுகிறது. ஊழியர் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். மழை வருஷங்களில் டெல்லியில் கேட்டு அந்த 17ஐத் தளர்த்துவதுண்டு. அந்த உத்தரவு முதலில் வருமா, நெல் முளைவிடுமா என்பதில் அடுத்த நாலு காட்சி தானாகக் கிடைத்துவிட்டது.

நான் ரொம்ப நச்சரிப்பது காகித விஷயத்தில்தான். கதையை வாயால் சொல்லிவிட்டு வராதே, முதலில் எழுது, சினிமா எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய் என்பேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காப்பது எழுதியதை. மனசில் இருக்கும் யோசனையை அல்ல. உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் ஒப்பந்தங்களில் 'உலகம் முழுக்க, நிரந்தரமாக' என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். புது ஆள் அதை மாற்ற முடியாது, சரி. டைட்டிலில் பெயர், எந்த டிராப்டுக்கு எவ்வளவு பணம், இந்த இரண்டையாவது எழுதி வாங்கலாம்.

தம்பியின் கதை இன்னும் விற்கவில்லை. நடுவில் வரும் காதல் கதையை வெட்டச் சொல்லியிருக்கிறேன். மாட்டேன் என்று சண்டை போடுகிறான்.